555 புத்தகத்திலிருந்து தொடங்குங்கள்: தோட்டப் பட்டணத்துப் புது விசுவாசிகளுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் நீங்கள் ஞானஸ்நானம் எடுத்த செய்தி, தலை காய்வதற்குள் மார்க்கெட் வரை போய்விடும். அதற்குப் பிறகு ஊர் உங்களிடம் வசனம் கேட்காது. சாமான் கடை பாக்கியைக் கட்டினாரா, மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளரிடம்) இன்னும் பொய் சொல்கிறாரா, வீட்டில் கை ஓங்குவதை விட்டாரா என்றுதான் பார்க்கும். "நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்" என்று மத்தேயு 5:13 சொல்கிறது. உப்பு கூடினாலும் குழம்பு வீண்தான். புதிதாக வந்தவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, அளவு மீறிப் போவதால் வருகிறது.

மெதடிஸ்ட், லுத்தரன், கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என எந்தச் சபைக்காரரும் கீழே உள்ளதைப் பின்பற்றலாம். எல்லாவற்றையும் முதல் மாதமே செய்யக் கிளம்பாதீர்கள். ஆனால் பணக் கணக்கு முதலில் வரட்டும்.

கடை பாக்கி

உள்ளங்கை அளவு சின்னப் புத்தகம், அட்டையில் 555 என்று போட்டிருக்கும். கடனுக்கு வாங்குகிற ஒவ்வொருவருக்கும் கடைக்காரர் ஒன்று வைத்திருப்பார். அரிசி, பால்மா, முட்டை, சிகரெட் என்று வரிவரியாக ஏறியிருக்கும். சம்பள நாளில் கொஞ்சம் கட்டிவிட்டு, அன்றைக்கே அதைவிடக் கூடுதலாக எழுதி வாங்கிப் போவதால் அந்தப் புத்தகம் முடிவதே இல்லை.

கூட்டமில்லாத நேரம் பார்த்து, மத்தியானம் இரண்டு மூன்று மணி வாக்கில் கடைக்குப் போங்கள். "அண்ணே, என் கணக்கைக் கூட்டிச் சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்று கேளுங்கள். சீனர் கடை என்றால் தவுக்கேயிடமும் (முதலாளியிடமும்) இதே கேள்விதான். தொகையை உங்கள் நோட்டில் தேதி போட்டு எழுதி, அவர் கண்ணில் காட்டிவிடுங்கள். கணக்கு இடித்தால் சத்தம் போடாமல், கடைசி மூன்று மாத வரிகளை இருவரும் சேர்ந்து பாருங்கள். நமக்குத் தெரியாமல் பிள்ளைகள் வாங்கிப்போன ஐஸ்கிரீம்தான் பெரும்பாலும் அங்கே ஒளிந்திருக்கும்.

பிறகு தவணை பேசுங்கள். 640 வெள்ளி (ரிங்கிட்) பாக்கி என்றால் மாதம் 80, எட்டு மாதம். ரோஷத்தில் 200 கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டாவது மாதமே பின்பக்கச் சந்தால் நடக்கிறவர்கள் அதிகம். முடிகிற தொகையை மட்டும் சொல்லுங்கள். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் தர வேண்டும் என்பது வேலைச் சட்டம். எனவே தவணை நாளை 8-ஆம் தேதி என்று வைத்தால் பெரும்பாலும் பிசகாது. அந்த எட்டு மாதமும் புதுச் சாமானை ரொக்கத்துக்கு வாங்குங்கள், அதுவும் அதே கடையில். பாக்கிக் கடையைத் தாண்டிப் போய் எதிர்க்கடையில் ரொக்கம் நீட்டுகிறவரைப் பார்த்தால் கடைக்காரருக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலில் உங்கள் சபையின் பெயரும் சேர்ந்து அடிபடும்.

தசமபாகம் கொடுக்கும் ஆர்வத்தில் கடன் தவணையை நிறுத்துகிறவர்கள் உண்டு. போதகரிடம் கணக்கைத் திறந்து காட்டிப் பேசுங்கள். கடைக்காரருக்குச் சேர வேண்டிய பணத்தைக் காணிக்கைப் பையில் போட்டால் அது அவருடைய காணிக்கை, உங்களுடையது இல்லை. நாங்கள் அப்படித்தான் பார்க்கிறோம்.

இரண்டு விஷயங்களுக்கு இப்போதே முடியாது என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். ஒன்று, கூட்டு பிடிப்பது, அதாவது சீட்டுப் போடுவது. கூட்டு நடத்துவதைத் தடைசெய்யும் சட்டம் 1971-லிருந்தே இந்நாட்டில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், "நம்ம ஆளுங்கதானே" என்று சபைக்குள் பத்துப் பேர் சேர்ந்து போட்டு, மூன்றாவது மாதம் எடுத்தவர் காணாமல் போனால், மீதி ஒன்பது பேரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார்கள். இன்னொன்று, ஜாமீன் கையெழுத்து. 5,000 வெள்ளிக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டு உறவையும் வீட்டையும் ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரரிடம்) அடகு வைப்பதைவிட, திரும்ப எதிர்பார்க்காமல் 50 வெள்ளி கையில் கொடுத்துவிடலாம். நீதிமொழிகள் 22:26 இதைத்தான் எச்சரிக்கிறது.

சம்பள நாள் மாலையில் கள்ளுக்கடைப் பக்கம் கூப்பிடுவார்கள். குடியை இப்போதுதான் விட்டவர் என்றால் பழைய மேசையில் 100 பிளஸ் குளிர்பான டின்னோடு உட்கார்ந்து சாட்சி சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். முதல் ஆறு மாதம் அந்த மேசை வேண்டாம். வீட்டுச் செலவுப் பணத்தை மனைவி கையில் கொடுத்துவிட்டு, "நான் விட்டுட்டேன் மாப்ள, நீங்க முடிச்சதும் போன் போடு, மோட்டார்ல ஏத்திட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போன் வந்தால் கட்டாயம் போங்கள். வரும் வழியில் பிரசங்கம் வேண்டாம்.

வேலைக்காட்டில்

செம்பனை (எண்ணெய்ப் பனை) வெட்டில் ஏமாற்ற இடம் ஏராளம். பழுக்காத பச்சைக் குலையை இறக்கி எண்ணிக்கை ஏற்றலாம். தண்டை நீளமாக விட்டு எடை ஏற்றலாம். மரத்தடியில் சிதறிய உதிரிப் பழத்தைப் பொறுக்காமல் புல்லுக்குள் தள்ளிவிட்டு நேரம் மிச்சம் பிடிக்கலாம். பழுத்த குலை என்றால் பழம் உதிர்ந்த குழி பத்துக்குக் குறையக் கூடாது. தண்டு 5 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. மில்லில் தரம் பார்ப்பவர்களின் அளவு இதுதான். அங்கே பச்சைக் குலை கூடினால் விலை வெட்டு முழு லோடுக்கும் விழும். உங்கள் திருட்டுக்குப் பக்கத்து நிரைக்காரரும் சேர்த்துத் தண்டம் கட்டுகிறார். எண்ணெய் அதிகம் இருப்பதும் அந்த உதிரியில்தான். குனிந்து பொறுக்க முதுகு வலிக்கும் என்பதைத் தவிர அதை விடுவதற்கு வேறு காரணம் கிடையாது.

இதைவிடக் கேவலமானது நம்பர் மாற்றுவது. பிளாட்பாரத்தில் அடுக்கிய குலையின் தண்டில் வெட்டியவர் நம்பர் இருக்கும். அதைச் சீவிவிட்டுத் தன் நம்பரை எழுதுவார்கள். யாருடைய குலையில் கை வைப்பார்கள் தெரியுமா? மலாயோ தமிழோ சரியாகப் பேச வராத, புகார் சொல்லப் பயப்படுகிற பங்களாதேஷ், நேப்பாளத் தொழிலாளியின் குலையில். நீங்கள் அதைச் செய்யாமல் இருந்தால் மட்டும் போதாது. அந்த ஆளின் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பெயர் தெரிந்தவனின் குலையில் கை வைக்கக் கூச்சப்படுவார்கள்.

பால் மரம் வெட்டுகிறவருக்கும் சோதனை உண்டு. பாலில் தண்ணீர் ஊற்றுவது, ஒட்டுப்பாலில் மண்ணும் பட்டையும் கலந்து கனம் கூட்டுவது. வாங்குகிறவர் எப்படியும் காய்ந்த ரப்பர் அளவைப் பார்த்துத்தான் விலை போடுவார். ஒருமுறை பிடிபட்டால், அதற்குப் பிறகு உங்கள் நல்ல பாலுக்கும் சந்தேக விலைதான்.

முதல் மூன்று மாதம் உங்கள் நிரையை மட்டும் பாருங்கள். மற்றவர்கள் செய்வதை மண்டோரிடம் ஓடிப்போய்ச் சொல்லாதீர்கள். நேற்றுவரை கூடச் செய்த ஆள் இன்றைக்குப் போட்டுக் கொடுத்தால், காட்டிக் கொடுக்கிறவன் என்ற பெயர்தான் மிஞ்சும். கேட்டால் மட்டும், "நான் இனிமே பச்சை வெட்டறதில்லண்ணே" என்று ஒரே வரியில் சொல்லுங்கள். நீங்களே மண்டோர் என்றால் கதை வேறு. வராதவர் பெயரைச் செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) ஏற்றுவதை அன்றைக்கே நிறுத்த வேண்டும். அதற்கு மூன்று மாத அவகாசம் கிடையாது.

லீவு விஷயத்தில் ஒன்று. பெரிய வெள்ளி, சபாவிலும் சரவாக்கிலும் பொது விடுமுறை. தீபகற்பத்தில் கிடையாது. எனவே அன்று ஆராதனைக்குப் போக வருட விடுப்பு எடுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்குக் குறைவான சர்வீஸ் என்றால் சட்டப்படி வருடத்துக்கு 8 நாள் விடுப்பு. அதில் ஒன்றை ஜனவரியிலேயே பெரிய வெள்ளிக்கு ஒதுக்கி, எழுத்தில் கேட்டுவிடுங்கள். கிளினிக்கில் தலைவலி என்று சொல்லி எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) வாங்கிக்கொண்டு சிலுவைப் பாடு தியானத்துக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. ஆபீஸ் கிராணிக்கு (எழுத்தருக்கு) அது தெரியாது என்று அவர்கள் நினைக்கிறார்கள். கெடா பக்கம் மாற்றலாகிப் போனால் அரசு வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால், போனவுடன் சபையின் ஆராதனை நாளையும் உங்கள் ஓய்வு நாளையும் கேட்டுப் பொருத்திக்கொள்ளுங்கள்.

ஜெபக்குறிப்பு என்னும் வதந்தி

"மூணாவது லயத்து அக்கா மக விஷயமா ஜெபிச்சுக்குங்க, அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது." ஒருவர் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறப்பதற்குள் ஏழு பேர் கணக்குப் போட்டு முடித்திருப்பார்கள். மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) அந்தப் பெண்ணின் அப்பா முகம் கொடுக்க முடியாமல் நிற்பார். கள்ளும் சிகரெட்டும் கெடுக்காத நல்ல பெயரை இந்த ஒரு பழக்கம் கெடுத்துவிடும்.

எதையும் கூட்டத்தில் சொல்வதற்கு முன் சம்பந்தப்பட்டவரிடமே கேளுங்கள்: "அக்கா, கூட்டத்துல ஜெபிக்கலாமா, இல்ல நான் மட்டும் ஜெபிக்கட்டுமா?" கூட்டத்தில் வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது, பாஸ்டர் வீட்டம்மாவிடமும் சொல்லக் கூடாது. சரி என்றால்கூட வீட்டு நம்பர், நோயின் பெயர், பிள்ளையின் பெயர் இவை வேண்டாம். "கஷ்டத்தில் இருக்கும் ஒரு குடும்பம்" என்றால் போதும், ஆண்டவருக்கு முகவரி தெரியும். வாட்சாப் குழுவில் குரல் பதிவாகப் போடவே போடாதீர்கள். அது அடுத்த தோட்டம் வரை போகும், திரும்ப வாங்க முடியாது.

ஒருவருடைய தப்பைப் பற்றிக் கேள்விப்பட்டால் மத்தேயு 18:15 வழி காட்டுகிறது: நீங்களும் அவரும் தனித்திருக்கையில் பேசுங்கள். அதற்குத் தைரியம் இல்லையென்றால் மற்றவர்களிடம் பேசவும் தைரியம் வேண்டாம்.

"உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டு மறந்துபோவதும் ஒருவகைப் பொய்தான். சொன்னால் அங்கேயே நின்று அரை நிமிடம் ஜெபியுங்கள், அவருக்குச் சம்மதம் இருந்தால். மூன்று நாள் கழித்து, "அன்னைக்குச் சொன்னீங்களே, இப்ப எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். பெரும்பாலோர் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம்

பழைய லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நடுச்சுவர் கூரையைத் தொடாது. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் தொடும், ஆனாலும் சத்தம் வரும். வீட்டுக்கூட்டம் வைத்தால் இரவு 8 மணிக்குத் தொடங்கி 9.30-க்கு முடியுங்கள், விடியற்காலை பெரட்டுக்கு எழுகிறவர்கள் பக்கத்தில் தூங்க வேண்டும். ஸ்பீக்கர் வேண்டாம். இருபது பேர் உட்காரும் கூடத்துக்கு மைக் எதற்கு? முந்தின நாளே இரண்டு பக்கத்து வீட்டிலும் பின்வீட்டிலும் சொல்லிவிடுங்கள். மோட்டார்களை உங்கள் வாசலில் அல்லது திடலில் நிறுத்தச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டு கேட்டை மறிக்கக் கூடாது. அந்த வாரம் அக்கம்பக்கத்தில் சாவு விழுந்திருந்தால் பாட்டே வேண்டாம், மெதுவாக வாசித்து ஜெபித்துவிட்டுக் கலையுங்கள்.

அம்மா இன்னும் விளக்கேற்றுகிறார்

புது விசுவாசிகள் அதிகம் உடைப்பது இங்கேதான். சில வீடுகளில் அதைக் கையாலேயே உடைத்திருக்கிறார்கள். அம்மாவின் சாமி மேடை அம்மாவுடையது, படத்தைக் கழற்றவோ விளக்கை எடுத்து மறைக்கவோ உங்களுக்கு உரிமை கிடையாது. உங்கள் கழுத்தில் கிடக்கும் கயிறு, உங்கள் அறையில் உள்ள படம், இவை உங்கள் முடிவு. அதையும் அம்மா பார்க்கும்படி குப்பையில் எறியாமல், அவர் கையில் மரியாதையாகத் திருப்பிக் கொடுங்கள்.

மாரியம்மன் திருவிழா வரும். படைத்த உணவைப் பற்றி 1 கொரிந்தியர் 10:25-29 நிதானமாகவே பேசுகிறது: முன்னால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு, படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவர் நிமித்தம் தவிர்த்துவிடு. தவிர்க்கும் விதம் முக்கியம். கையைப் பின்னால் இழுத்து முகத்தைச் சுளிப்பது தட்டை எட்டி உதைப்பதற்குச் சமம். "அத்தை, நீங்க அன்பா கொடுக்கிறது தெரியுது. படைச்சது மட்டும் நான் சாப்பிடறதில்ல. ஒரு தே ஓ போட்டுக் கொடுங்க, உக்காந்து குடிச்சிட்டுப் போறேன்." அத்தை முணுமுணுப்பார், ஆனால் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) வரும்.

திருவிழாவுக்கு முன் தோட்டத்து வழியைச் சுத்தம் செய்ய கோத்தோங் ரோயோங்குக்கு (ஊர் கூடிச் செய்யும் வேலைக்கு) கூப்பிட்டால் சாங்கோலோடு (மண்வெட்டியோடு) போங்கள். அந்தச் சாக்கடை எல்லாருடைய சாக்கடை. அம்மாவை மோட்டாரில் கோயில் வாசல் வரை கொண்டுபோய் விடலாமா என்று பலர் கேட்பதுண்டு. தாராளமாக விடலாம் என்பது எங்கள் எண்ணம். வேண்டாம் என்கிற போதகர்களும் இருக்கிறார்கள். நடந்து போகும் அறுபது வயதுக் கால்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் போட்ட கோடு

கூட்டரசு அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு உங்கள் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதே பிரிவின் 4-ஆவது உட்பிரிவு, முஸ்லிம்களிடையே பிற மதப் போதனையைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தவோ தடுக்கவோ இடம் தருகிறது. பல மாநிலங்களில் அப்படிச் சட்டம் இருக்கிறது. எனவே மலாய்க்கார அண்டைவீட்டாருக்கு நோட்டீஸ், வேதாகமம், ஜெப அழைப்பு எதுவும் வேண்டாம். கிறிஸ்மஸ் திறந்த இல்ல உபசரிப்புக்குத் தாராளமாகக் கூப்பிடுங்கள். அவர்களுக்கான சாப்பாட்டை ஹலால் கடையில் எடுத்து, காகிதத் தட்டில் தனியாக வைத்து, எந்தக் கடை என்று சொல்லிவிடுங்கள். அந்த மேசையில் பீர் டின் இருக்கக் கூடாது.

18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் மதத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோதான் முடிவு செய்வார்கள் என்கிறது 12-ஆவது பிரிவு. பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளை உங்கள் பிள்ளையோடு ஞாயிறு பள்ளிக்கு வர ஆசைப்பட்டால் முதலில் அப்பா அம்மா இருவரிடமும் நேரில் கேளுங்கள். பிள்ளையிடம் சொல்லியனுப்பிக் கேட்டது கேட்டதாகாது. வேண்டாம் என்றால், பிள்ளை மாலையில் உங்கள் வீட்டில் விளையாட வருவதில் எந்த மாற்றமும் இருக்கக் கூடாது.

சாவு வீடு

தகவல் வந்ததும் கையில் வேதாகமத்தோடு கிளம்பாதீர்கள், மோட்டார் சாவியோடு கிளம்புங்கள். வீட்டில் நடந்த சாவு என்றால், புதைக்கவோ எரிக்கவோ அனுமதி வாங்கக் காவல் நிலையம் போக வேண்டும். இறந்தவரின் ஐசியும் (அடையாள அட்டையும்) தகவல் சொல்பவரின் ஐசியும் வேண்டும். அழுதுகொண்டிருக்கும் மகனுக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அலமாரியைத் தேடும்போது கூட நில்லுங்கள், நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். நாற்காலி, கூடாரம், தண்ணீர் டின், வாசலுக்கு விளக்கு, இவற்றில் எது குறைகிறது என்று பார்த்துச் சொல்லாமல் செய்யுங்கள். இந்து வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். சைவச் சாப்பாடாக, முட்டை கூட இல்லாமல், சமைத்துக் கொண்டுபோங்கள்.

பெட்டி பக்கத்தில் நின்று பரலோகம் நரகம் பேசுகிறவர், அந்தக் குடும்பத்தின் வாசலை இருபது வருடத்துக்கு அடைத்துவிடுகிறார்.

உங்கள் சொந்த அப்பாவின் சாவு என்றால் கொள்ளி வைக்கும் கேள்வி வரும், அதுவும் மூத்த மகன் என்றால். அதைச் சாவன்று முடிவு செய்யக் கூடாது. அப்பா நன்றாக இருக்கும்போதே போதகரிடமும், பிறகு தம்பிகளிடமும் உட்கார்ந்து பேசுங்கள். எதைச் செய்ய மாட்டேன் என்பதை ஒருமுறை சொல்லுங்கள். எதையெல்லாம் செய்வேன் என்பதை விரிவாகச் சொல்லுங்கள்: ஆஸ்பத்திரிச் செலவு, இரவு விழிப்பு, தோள் கொடுப்பது, அம்மாவைக் கடைசிவரை வைத்துக்கொள்வது. இரண்டாவது பட்டியல் நீளமாக இருந்தால் முதலாவதைப் பொறுத்துக்கொள்வார்கள்.

பதினாறாம் நாளுக்குப் பிறகு கூட்டம் கலைந்துவிடும். இருபதாம் நாள் போங்கள். கேஸ் டின் இருக்கிறதா, ஊழியர் சேமநிதிப் பணத்துக்கு எழுதிப்போட்டார்களா, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) அலுவலகத்துக்குப் போனார்களா என்று கேளுங்கள்.

பாரம் நிரப்பும் மேசை

தமிழ் மட்டும் தெரிந்த பாட்டிக்கு மலாய்ப் பாரம் (விண்ணப்பப் படிவம்) ஒரு மலை. சனிக்கிழமை இரண்டு மணி நேரம், வீட்டு அஞ்சடியில் ஒரு மேசை, இரண்டு கறுப்புப் பேனா. குழந்தை பிறந்தால் 60 நாளுக்குள் பதிய வேண்டும். 12 வயதில் ஐசி எடுக்க வேண்டும். தோட்டங்களில் சிவப்பு ஐசியோடும் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி அட்டை), எந்த ஐசியும் இல்லாமலும் திரிகிறவர்களில் சிலருடைய கதை இப்படி விட்டுப்போன ஒரு பதிவில்தான் தொடங்கியிருக்கிறது.

இங்கே கெட்டுப்போகிற விதங்கள் தெரிந்தவைதான். அசல் ஐசியை வாங்கி வைத்துக்கொள்வது, பாஸ்வேர்டை உங்கள் போனில் சேமிப்பது, "பெட்ரோல் காசு" என்று ஐந்து வெள்ளியில் தொடங்கி ஏஜெண்டாகிவிடுவது. நகலில் வேலை முடிந்தால் அசலைத் தொடாதீர்கள். பாரம் எழுதிக் கொடுத்த வீட்டை அந்த மாதம் கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள். அரிசிக்கும் பால்மாவுக்கும் மாறினவர்கள் என்ற பழைய ஏச்சு இன்னும் செத்துப்போகவில்லை.

சறுக்கினால்

கோபத்தில் கத்தியிருப்பீர்கள், தவணையை விட்டிருப்பீர்கள், பழைய மேசையில் ஒருநாள் உட்கார்ந்திருப்பீர்கள். ஊருக்கு அன்று மாலையே தெரியும். மறைக்க முயல வேண்டாம். மறுநாள் முடிவதற்குள் சம்பந்தப்பட்டவரிடம் நேரில் போங்கள், தனியாக, வெறும் கையோடு. "நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிடுங்க. இந்த மாசப் பணத்தை வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டிடறேன்." மூன்று வாக்கியம் போதும். சாத்தான் சோதித்துவிட்டான், வீட்டில் பிரச்சினை, நீங்களும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, இவை நான்காவது வாக்கியமாக வந்தால் முதல் மூன்றும் வீண்.

அவர் "சரி, போ" என்று மட்டும் சொன்னால் அங்கே நிற்காதீர்கள். வெள்ளிக்கிழமை பணத்தைக் கட்டுங்கள். சனிக்கிழமை காலை கடைப் பக்கம் பார்த்தால் வழக்கம்போல, "அண்ணே, பசியாறிட்டீங்களா?" என்று கேளுங்கள்.